முழுமையும் பகுதிகளும்: பெர்ட்டலான்ஃபியின் அமைப்புக் கொள்கை பற்றி ஒரு திறனாய்வு

"முழுமை என்பது அதன் பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது" என்னும் வாக்கியத்தை நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள். மேலாண்மைப் பாடநூல்களிலும், சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைகளிலும், மருத்துவ முறைகளைப் பற்றிய வாதங்களிலும் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. சொல்பவர் பெரும்பாலும் அதைச் சொன்னதோடு நிறுத்திக் கொள்கிறார். எந்த முழுமை, எவை அதன் பகுதிகள், அவற்றை எவ்வாறு கூட்டினார்கள், எந்த அளவில் பெரியது என்ற கேள்விகள் எழுவதில்லை. இன்னும் சிலர் ஒரு படி மேலே சென்று, "விஞ்ஞானம் பொருள்களை வெட்டி வெட்டிப் பார்ப்பது, ஆகவே உயிரையும் சமுதாயத்தையும் அதனால் அறிய இயலாது" என்று தீர்ப்பே கூறிவிடுகின்றனர். இயற்பியலும் வேதியியலும் பயிலும் மாணவர் இதற்கு என்ன விடை சொல்வது? ஒப்புக்கொண்டால் தாம் படிப்பது பயனற்றது என்றாகிறது. மறுத்தாலோ குறுகிய நோக்கினர் என்ற பெயர் வந்து சேருகிறது.

இந்த வாக்கியத்திற்கு விஞ்ஞான உலகில் மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் லுட்விக் ஃபான் பெர்ட்டலான்ஃபி. 1901-ல் வியன்னாவுக்கு அருகில் பிறந்த இவர், உயிரியலிலும் தத்துவத்திலும் ஒருங்கே பயிற்சி பெற்றவர். தர்க்கப் புலனறிவாதிகளின் குழுவான வியன்னா வட்டத்திற்குத் தலைவராயிருந்த மோரிட்ஸ் ஷ்லிக்கிடம் பயின்று 1926-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கனடாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றி 1972-ல் மறைந்தார். 'பொது அமைப்புக் கொள்கை' என்று நாம் பெயரிட்டு அழைக்கக்கூடிய அவருடைய நூல் 1968-ல் வெளிவந்தது. பல்வேறு காலங்களில் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு அது. அமைப்பு, திறந்த அமைப்பு, பின்னூட்டு, படிநிலை என்று இன்று நாம் கேட்கும் பல சொற்கள் பரவுவதற்கு அந்நூலே பெருங்காரணம். அதன் தத்துவ வேர்கள் எவை, அவற்றுள் எது உறுதியானது, எது உளுத்தது என்பதை இங்கே ஆராய்வோம்.

கூட்டல் என்றால் என்ன?

முதலில் அந்த வாக்கியத்தையே சோதித்துப் பார்ப்போம். ஒரு ஹீலியம் அணுவை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் நிறையையும் இரண்டு நியூட்ரான்களின் நிறையையும் கூட்டினால் 4.0330 அணு நிறை அலகு வரும். ஹீலியம் அணுவின் நிறையோ 4.0026 அலகுதான். இங்கே முழுமை, பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடச் சிறியது! குறைந்துபோன 0.0304 அலகு, ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி 28.3 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளியேறிவிட்டது. அந்த ஆற்றலைத் திரும்பக் கொடுத்தாலொழிய அணுக்கருவை முற்றாகப் பிரிக்க முடியாது. பிணைப்பு என்பதன் பொருளே இதுதான்.

இரண்டு 10 ஓம் தடைகளைத் தொடரிணைப்பில் இணைத்தால் 20 ஓம். பக்க இணைப்பில் இணைத்தால் 5 ஓம். ஒரு கண்ணாடிக் குவளை தண்ணீரோடு இன்னொரு குவளை தண்ணீரைச் சேர்த்தால் நிறை இரு மடங்காகிறது. வெப்பநிலை இரு மடங்காவதில்லை. ஆக, 'பெரியது' 'சிறியது' 'சமம்' என்ற மூன்றும் நிகழ்கின்றன. எது நிகழும் என்பது நாம் அளக்கும் அளவையும், பகுதிகள் இணைந்துள்ள விதத்தையும் பொறுத்தது. அளவின் பெயரைச் சொல்லாமல் அந்த வாக்கியத்தைக் கூறுபவர் உண்மையில் எதையும் கூறவில்லை.

இதைப் பெர்ட்டலான்ஃபி அறியாதவர் அல்லர். பகுதிகளைத் தனித்தனியே ஆராய்ந்து பெறும் பண்புகளை வெறுமனே கூட்டி முழுமையின் பண்பைப் பெற முடியாத இடங்கள் உண்டு. பகுதிகளுக்கிடையே உள்ள தொடர்புகளையும் அறிந்தாக வேண்டும் என்பதே அந்த வாக்கியத்தின் பொருள் என்று அவர் தம் நூலில் தெளிவாகவே விளக்குகிறார். அதில் மர்மம் ஒன்றுமில்லை என்றும் கூறுகிறார். கணித மொழியில் சொன்னால், நேரியல் சமன்பாடுகளுக்கு மேற்பொருந்துதல் தத்துவம் செல்லும். நேரியலல்லாத சமன்பாடுகளுக்குச் செல்லாது. அவரைப் படித்தவர்கள் பலர் இந்த விளக்கத்தை விட்டுவிட்டு முழக்கத்தை மட்டும் எடுத்துக் கொண்டனர்.

அரிஸ்டாட்டில் முதல் காண்ட் வரை

இக்கருத்தின் மிகப் பழைய வேராகக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலைக் காட்டுவார்கள். அவர் கூறியது சற்று வேறானது. சில பொருள்கள் வெறும் குவியல்கள். வேறு சில பொருள்களில், பகுதிகளுக்கும் அப்பால் ஏதோ ஒன்று இருக்கிறது என்றார். 'அப்பால்' என்றாரேயன்றி 'பெரியது' என்று சொல்லவில்லை. இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு எழுத்துக்களின் அசை. நம் மொழியில் அதை எளிதில் விளக்கலாம். 'ப்' என்ற மெய்யும் 'ஆ' என்ற உயிரும் சேர்ந்தால் 'பா'. அதே இரண்டையும் மாற்றி அடுக்கினால் 'ஆப்'. பகுதிகள் அவையேதாம்; அடுக்கு மாறியது, ஒலி மாறியது. ஆகவே 'பா' என்பதை அறிய, அதன் பகுதிகளோடு அவற்றின் ஒழுங்கையும் அறிய வேண்டும். இந்த ஒழுங்கைத்தான் அரிஸ்டாட்டில் 'வடிவம்' என்றார். ஆயினும் உயிர்களைப் பற்றிப் பேசும்போது, வடிவத்தோடு 'நோக்கம்' என்ற ஒன்றையும் அவர் சேர்த்தார். விதை மரமாவது மரமாக வேண்டும் என்ற இலக்கினால் என்பது அவர் கொள்கை. ஒழுங்கு என்ற கருத்தும் நோக்கம் என்ற கருத்தும் அன்று ஒட்டிக்கொண்டவை, பின்னர் வெகுகாலம் பிரியவில்லை.

1790-ல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் இந்தச் சிக்கலை மிகக் கூர்மையாக எடுத்துரைத்தார். ஒரு கடிகாரத்தையும் ஒரு மரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். கடிகாரத்தில் ஒரு சக்கரம் மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது; ஆனால் அதை உண்டாக்குவதில்லை. பழுதான சக்கரத்தைக் கடிகாரம் தானே செப்பனிட்டுக் கொள்வதுமில்லை. மரத்தில் இலை வேரைக் காக்கிறது, வேர் இலையை வளர்க்கிறது. ஒவ்வொரு பகுதியும் பிறவற்றிற்குக் காரணமாகவும் காரியமாகவும் நிற்கிறது. இப்படிப்பட்ட பொருளை நோக்கம் என்ற கருத்தின்றி நம்மால் எண்ணிப் பார்க்கவே இயலாது. ஒரு புல்லின் தோற்றத்தை விளக்கவல்ல நியூட்டன் ஒருவர் பிறப்பார் என்று எதிர்பார்ப்பது வீண் என்றும் எழுதினார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நோக்கம் என்பது இயற்கையில் இயங்கும் ஒரு சக்தி என்று காண்ட் சொல்லவில்லை. அது நம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் ஒரு கருத்து மட்டுமே என்றார். 'இந்த உறுப்பு எதற்காக?' என்று கேளுங்கள். கேட்டு, அது எவ்வாறு இயங்குகிறது என்று கண்டுபிடியுங்கள் என்பதே அவர் அறிவுரை. இந்த எச்சரிக்கையைப் பின்வந்தோர் மறந்ததால் ஏற்பட்ட குழப்பம் நம் கதையின் மையப் பகுதியாகும்.

பிளந்த கருவும் பிளவாத புதிரும்

1888-ல் வில்ஹெல்ம் ரூ என்ற ஜெர்மானிய உயிரியலார் ஒரு சோதனை செய்தார். தவளையின் கருமுட்டை இரண்டு செல்களாகப் பிரிந்த நிலையில், ஒரு செல்லைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சிய செல் பாதிக் கருவாகவே வளர்ந்தது. ஆகவே கரு என்பது ஓர் எந்திரத்தைப் போன்றது. பகுதிகள் தொடக்கத்திலேயே பங்கிடப்பட்டுவிடுகின்றன என்று அவர் முடிவு கட்டினார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1891-ல், ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் கருவைக் கொண்டு அதே கேள்வியை ஆராய்ந்தார். கடல் முள்ளெலி என்பது உடலெங்கும் முட்கள் கொண்ட, உருண்டையான கடற்பிராணி. அதன் இரு செல் கருவை நீரில் குலுக்கிச் செல்களைத் தனித்தனியே பிரித்தார். பாதிப் பாதிப் பிராணிகள் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தவையோ முழு வடிவுடைய, ஆனால் அளவில் சிறிய, இரு இளவுயிர்கள்!

டிரீஷ் திகைத்தார். எந்த எந்திரத்தை இரண்டாகப் பிளந்தால் இரு முழு எந்திரங்கள் கிடைக்கும்? அவ்வாறான எந்திரம் இருக்க முடியாது. ஆகவே உயிர் எந்திரமன்று. பௌதிக வேதியியல் விதிகளுக்கு அப்பாற்பட்ட ஒன்று கருவை வழிநடத்துகிறது என்று வாதிட்டார். அதற்கு அரிஸ்டாட்டிலின் சொல்லையே எடுத்து 'என்டெலக்கி' எனப் பெயரிட்டார். இவ்வாறு, காண்ட் வழிகாட்டும் கருத்தாக மட்டும் வைத்திருந்த நோக்கம், கருவுக்குள் குடியேறிய ஒரு கர்த்தாவாக மாறிவிட்டது. டிரீஷ் பிற்காலத்தில் சோதனைச் சாலையை விட்டுத் தத்துவப் பேராசிரியரானார். என்டெலக்கியை அளக்கவோ, அது இருந்தால் ஒன்றும் இல்லாவிட்டால் வேறொன்றும் நிகழும் என்று காட்டவோ வழியில்லை. விளக்க வேண்டிய புதிருக்கே ஒரு பெயர் சூட்டியாயிற்று, அவ்வளவுதான்.

தொட்டி தரும் விடை

பெர்ட்டலான்ஃபியின் உண்மையான வெற்றி இந்த இடத்தில்தான் இருக்கிறது. டிரீஷின் சோதனையை அவர் மறுக்கவில்லை, என்டெலக்கியை மறுத்தார். வேறுபட்ட தொடக்கங்களிலிருந்து ஒரே முடிவை அடைவதற்கு மர்ம சக்தி எதுவும் தேவையில்லை, அமைப்பு 'திறந்ததாக' இருந்தால் போதும் என்று காட்டினார். இப்பண்பைச் 'சமமுடிவு' என்று தமிழில் கூறலாம்.

நீங்களே கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். ஒரு தொட்டியின் அடியில் 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துளை இருக்கிறது. மேலே ஒரு குழாயிலிருந்து வினாடிக்கு 100 கன சென்டிமீட்டர் நீர் விழுகிறது. டாரிசெல்லியின் விதிப்படி, துளையில் நீர் வெளியேறும் வேகத்தின் இருமடி, நீர்மட்டத்தின் உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி இரு மடங்காக்கியதற்குச் சமம். வரவும் செலவும் சமமாக வேண்டுமானால் நீர் வினாடிக்கு 100 சென்டிமீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும். அதற்கு வேண்டிய உயரம் 10,000-ஐ 1,960-ஆல் வகுத்தால் கிடைக்கும். அதாவது ஏறக்குறைய 5.1 சென்டிமீட்டர். நீர்த்தாரை சற்றுச் சுருங்குவதை இங்கே கணக்கில் கொள்ளவில்லை.

இப்போது தொட்டியை வெறுமையாக வைத்துத் தொடங்குங்கள். மட்டம் உயர்ந்து 5.1 சென்டிமீட்டரில் நிற்கும். 50 சென்டிமீட்டர் நிரப்பி வைத்துத் தொடங்குங்கள். மட்டம் தாழ்ந்து அதே 5.1 சென்டிமீட்டரில் வந்து நிற்கும். இடையில் ஒரு குவளை நீரை முகந்து எடுத்தாலும் சிறிது நேரத்தில் பழைய மட்டமே திரும்பும். தொட்டிக்கு 5.1 சென்டிமீட்டர் என்ற இலட்சியம் உண்டா? உள்ளிருந்து அளந்து பார்க்கும் என்டெலக்கி உண்டா? மட்டம் உயர்ந்தால் செலவு கூடுகிறது. தாழ்ந்தால் செலவு குறைகிறது. வேறொன்றுமில்லை.

துளையையும் குழாயையும் அடைத்துவிட்டால், அதாவது அமைப்பை மூடிவிட்டால், நிலைமை மாறிவிடும். 10 சென்டிமீட்டர் நீர் ஊற்றியிருந்தால் 10 சென்டிமீட்டரே நிற்கும். முடிவைத் தொடக்கமே தீர்மானித்துவிடும். உயிர்களோ உணவையும் மூச்சுக்காற்றையும் ஏற்று, கழிவையும் வெப்பத்தையும் வெளிவிடும் திறந்த அமைப்புகள். அவற்றை மூடிய அமைப்புகளாகப் பாவித்துவிட்டு, "பௌதிக விதிகள் இங்கே பொருந்தவில்லை" என்று முறையிடுவது முறையன்று. 1950-ல் 'சயன்ஸ்' இதழில் பெர்ட்டலான்ஃபி எழுதிய கட்டுரை இதனைத் தெளிவாக நிறுவியது. நோக்கம் என்று தோன்றுவதை வரவு செலவுச் சமன்பாட்டினால் விளக்கிக் காட்டியது தத்துவத்திற்கு அவர் செய்த பெருந்தொண்டு. முழுமை பற்றிய பேச்சு மாய சக்தியில் போய் முடிய வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று.

அடுப்பு காட்டும் குறை

இனிக் குறைகளைப் பார்ப்போம். சமமுடிவு என்பதைத் திறந்த அமைப்புகளின் அடையாளமாகவே அவர் வருணிக்கிறார். இது எங்கும் பொருந்துமா? உங்கள் வீட்டுச் சமையல் வாயு அடுப்பைப் பாருங்கள். வாயுவும் காற்றும் உள்ளே வருகின்றன, வேறு பொருள்கள் வெளியே செல்கின்றன, திறந்த அமைப்பேதான். குமிழியை ஒரே அளவில் திறந்து வைத்திருக்கும்போது அதற்கு இரு நிலைகள் உண்டு. ஒன்று, எரியும் நிலை. மற்றொன்று, எரியாமல் வாயு கசிந்துகொண்டிருக்கும் நிலை. இரண்டும் நீடிக்கக்கூடியவை. எந்த நிலை என்பதைத் தொடக்கத்தில் தீக்குச்சி கிழித்தோமா இல்லையா என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே திறந்திருப்பதால் மட்டும் சமமுடிவு வந்துவிடாது. சமன்பாட்டிற்கு எத்தனை உறுதியான தீர்வுகள் என்பதைப் பார்க்க வேண்டும். தொட்டிக்கு ஒன்று, அடுப்புக்கு இரண்டு.

இது சில்லறைக் குறை என்று எண்ணிவிடாதீர்கள். கருவளர்ச்சியில் இரண்டும் தேவைப்படுகின்றன. பாதியிலிருந்தும் முழுமையிலிருந்தும் ஒரே வடிவம் வருவது ஒரு புதிர். ஒரே மரபுப் பொருளைக் கொண்ட செல்கள் சில நரம்பாகவும் சில தசையாகவும் மாறி, மாறிய நிலையிலேயே நிலைத்து நிற்பது அதனினும் பெரிய புதிர். முன்னதற்குத் தொட்டி உவமையாகலாம். பின்னதற்கு அடுப்பே உவமை. இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த மாக்ஸ் டெல்புரூக் 1949-லேயே இக்கருத்தைச் சுட்டிக் காட்டினார். ஒரே செல்லில் ஒன்றையொன்று தடுக்கும் இரு வேதிவினைத் தொடர்கள் இருந்தால் அதற்கு இரு நிலைகள் அமையும் என்பது அவர் கருத்து. பெர்ட்டலான்ஃபியின் நூலில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. தொட்டியில் ஒத்துப்போவது ஓர் எண் மட்டுமே. கருவிலோ தலை, வால், முதுகு, வயிறு என்ற முழு வடிவமே ஒத்துப்போக வேண்டும். 'பௌதிக விதிகளால் ஒருபோதும் இயலாது' என்ற டிரீஷின் வாதத்தை உடைக்கத் தொட்டி போதும். கரு உண்மையில் எவ்வாறு வளர்கிறது என்பதைச் சொல்ல அது போதாது. அந்த விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? பகுதிகளைத் தேடிச் சென்றவர்களிடமிருந்துதான். ரூவின் சோதனையில் கொல்லப்பட்ட செல் அகற்றப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. 1910-ல் மக்லெண்டன் என்பவர் தவளைக் கருவில் ஒரு செல்லை முற்றிலும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, எஞ்சிய செல் முழுக் கருவாகவே வளர்ந்தது. செல் தன் அண்டை நிலையை 'அறிகிறது' என்பது இதனால் புலனாயிற்று. 1924-ல் ஸ்பேமன், ஹில்டே மாங்கோல்டு ஆகிய இருவரும் நீர்ப்பல்லியின் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து மற்றொரு கருவில் ஒட்டி, அத்துண்டு தன்னைச் சுற்றி இரண்டாம் உடலச்சு ஒன்றையே உருவாக்கச் செய்வதைக் காட்டினர். அத்துண்டு வெளிவிடும் பொருள்களுள் ஒன்றான 'கார்டின்' என்ற புரதம் 1994-ல் தவளைக் கருவில் அடையாளம் காணப்பட்டது. தொடர்புகள் முக்கியம் என்று அமைப்புக் கொள்கை சொன்னது சரியே. எந்தத் தொடர்பு, எந்தப் பொருளின் வழியாக என்பதைக் கண்டுபிடித்தது, அக்கொள்கையினர் குறைகூறிய பகுத்தாராயும் முறையே.

ஒரே சமன்பாடு, ஒரே காரணமா?

பெர்ட்டலான்ஃபியின் இரண்டாவது பெரிய கருத்து, வெவ்வேறு துறைகளில் ஒரே வடிவமுள்ள விதிகள் தோன்றுகின்றன என்பது. அவற்றைத் திரட்டினால் எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான ஒரு விஞ்ஞானம் பிறக்கும் என்று அவர் நம்பினார். 1954-ல் பொருளியலார் போல்டிங், உடலியலார் ஜெரார்டு, கணிதவியலார் ராப்போபோர்ட் ஆகியோரோடு சேர்ந்து இதற்கென ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார்.

இதில் உண்மை இருப்பதை இயற்பியல் மாணவர் நன்கு அறிவார். சுருள்வில்லில் தொங்கும் எடையின் ஊசலாட்டத்திற்கும், கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்ட சுற்றில் மின்னூட்டத்தின் ஊசலாட்டத்திற்கும் சமன்பாடு ஒன்றே. நிறையின் இடத்தில் மின்தூண்டல் எண் நிற்கிறது, அவ்வளவுதான். ஒன்றுக்குக் கண்ட தீர்வு மற்றதற்கும் பயன்படுகிறது, உழைப்பு மிச்சமாகிறது. ஆயினும் அச்சமன்பாட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மின்னூட்டம் என்றால் என்ன என்பது அதிலிருந்து விளங்காது.

அவர் பெரிதும் எடுத்துக்காட்டும் வெர்ஹல்ஸ்ட் வளைகோட்டைப் பார்ப்போம். 1838-ல் மக்கள்தொகைக்காக வகுக்கப்பட்ட இந்த 'எஸ்' வடிவ வளைகோடு, தன்னைத் தானே ஊக்குவிக்கும் சில வேதிவினைகளுக்கும் பொருந்துகிறது. 1920-ல் பேர்ல், ரீடு என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1790 முதல் 1910 வரையுள்ள கணக்கெடுப்புகளுக்கு இந்த வளைகோட்டைப் பொருத்தினர். மிக நேர்த்தியாகப் பொருந்தியது. அதிலிருந்து, அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ 19 கோடியே 70 இலட்சத்திற்கு மேல் உயராது என்று முடிவு செய்தனர். சில பத்தாண்டுகள் வளைகோடு ஓரளவு ஒத்தும் வந்தது. 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 20 கோடியைத் தாண்டிவிட்டது. 2020-ல் 33 கோடியையும் கடந்துவிட்டது. குடுவையிலுள்ள வேதிப்பொருளுக்கு எல்லை வகுப்பது எது என்று நமக்குத் தெரியும்; பொருள் தீர்ந்தால் வினை நின்றுவிடும். மக்கள்தொகைக்கு எல்லை வகுப்பது எது? குடியேற்றம், மருத்துவம், விளைச்சல், திருமண வயது இவையெல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. வளைகோட்டின் வடிவம் ஒன்றாக இருந்தது; காரணங்கள் ஒன்றாக இல்லை.

ஒப்புமைகளில் மேலோட்டமானவை, விதியின் வடிவத்தில் மட்டும் ஒத்தவை, உண்மையான விளக்கங்கள் என மூவகை உண்டு என்று பெர்ட்டலான்ஃபியே வகுத்துக் காட்டுகிறார். 'இரண்டும் ஒத்திருக்கின்றன, அதனால் என்ன?' என்ற கருத்துப்பட 1956-ல் பக் என்ற தத்துவ அறிஞர் எழுப்பிய வினாவையும் தம் நூலில் மறைக்காமல் எடுத்துக் கூறுகிறார். இந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் அவர் தரும் எடுத்துக்காட்டுகளில் பல இரண்டாம் வகையைத் தாண்டவில்லை. மூன்றாம் வகைக்குரிய நம்பிக்கையோடு பேசப்படுகின்றன.

இயற்பியல் மீது சாட்டப்பட்ட குற்றம்

பழைய இயற்பியல் இரண்டு பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்று காரணம் மற்றொன்று காரியம் என ஒருவழியாகவே ஆராய்ந்தது என்று பெர்ட்டலான்ஃபி குறை கூறுகிறார். இது முழு உண்மையன்று. ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டென்று நியூட்டனே கூறியிருக்கிறார். அதில் ஒருவழிப் போக்கு எங்கே இருக்கிறது? ஒழுங்கான பல்பொருள் அமைப்புகள் கடினமானவை என்பது மெய்தான். மூன்று பொருள்களின் இயக்கமே பொதுவான எளிய தீர்வுக்கு அடங்காது என்பதைக் கண்டு சொன்னவர் புவான்கரே, ஆண்டு 1890. அப்படிச் சொன்னதும் இயற்பியலின் கணித முறையே.

'எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையன' என்பது கேட்க இனிமையான வாக்கியம். யுரேனஸ் கோளின் வரலாற்றோடு அதை உரைத்துப் பாருங்கள். சூரியனின் நிறை வியாழனின் நிறையைப்போல் 1,047 மடங்கு. ஆகவே முதற்படியாகச் சூரியனையும் கோளையும் மட்டும் கணக்கில் கொண்டாலே பெரும்பாலும் சரியான விடை கிடைக்கிறது. பிறகு வியாழன், சனி ஆகியவற்றின் சிறு இழுவிசைகளையும் சேர்த்தார்கள். அப்போதும் யுரேனஸ் கணக்கிட்ட இடத்தில் இல்லை. எஞ்சிய அந்தச் சிறு பிழையிலிருந்து லெவெரியே, கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கோளின் இடத்தைக் கணக்கிட்டார். 1846-ல் பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, குறித்த இடத்திலிருந்து 1 பாகைக்கும் குறைந்த தொலைவில் நெப்டியூன் இருந்தது. எந்தத் தொடர்புகளைத் தள்ளலாம் என்று அளந்து தள்ளியதால்தான் தள்ளக்கூடாத ஒரு தொடர்பு தலைகாட்டிற்று. எல்லாத் தொடர்புகளும் சமமானவை என்று தொடங்கியிருந்தால் நெப்டியூன் கிடைத்திருக்காது.

அதே வேளையில், பகுதிகளை அறிந்துவிட்டால் முழுமை தானே விளங்கிவிடும் என்று இறுமாந்திருக்கும் இயற்பியலாருக்கும் ஒரு மறுப்பு உண்டு. 1911-ல் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வின் அளவில் திடீரென மறைந்துவிடுவதைக் கண்டார். தனியொரு பாதரச அணுவுக்கு மின்தடை என்ற பேச்சே கிடையாது. அணுக்களின் விதிகள் 1926-க்குள் தெரிந்துவிட்டன. அந்த விந்தைக்கு விளக்கம் கிடைத்ததோ 1957-ல்தான். இதை முன்னிட்டே பிலிப் ஆண்டர்சன் 1972-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். முழுமையைப் பகுதிகளின் விதிகளுக்குள் அடக்கிக் காட்ட முடிவது ஒன்று. அவ்விதிகளிலிருந்து தொடங்கி முழுமையைக் கட்டி எழுப்ப முடிவது வேறு என்றார். ஒவ்வொரு நிலையிலும் புதிய கருத்துக்கள் தேவைப்படுகின்றன; அவை கீழ்நிலை விதிகளை மீறுவதில்லை. முழுமை பற்றிய வாதத்தின் மிகத் தெளிவான வடிவம் இதுவே என்பது என் கருத்து. அது ஓர் இயற்பியலாரிடமிருந்து வந்தது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

மனிதன் பகுதியாகும்போது

தத்துவக் கருத்துக்கள் நூல்களுக்குள்ளேயே தங்கியிருப்பதில்லை. உடலில் கை உடலுக்காக இருக்கிறது; உடல் கைக்காக இல்லை. சமுதாயமும் ஓர் உடல் என்று உவமை கூறிவிட்டால், மனிதன் சமுதாயத்திற்காக வாழ வேண்டியவன், தேவைப்பட்டால் வெட்டி எறியப்பட வேண்டியவன் என்ற முடிவு எளிதில் வந்துவிடும். முழுமைவாதம் என்ற பொருளில் 'ஹோலிசம்' என்ற சொல்லை 1926-ல் படைத்தவர் யான் ஸ்மட்ஸ். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் எதிர்த்துப் போராடிய அதே ஸ்மட்ஸ்தான். முழுமையைப் பற்றி நூல் எழுதிய அவர், தம் நாட்டு மக்களை நிறத்தால் பிரித்து வைக்கும் ஆட்சிக்கு இருமுறை பிரதமராகத் தலைமை வகித்தார். பெர்ட்டலான்ஃபியும் 1938-ல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார் என்பதை அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். 1968-ஆம் ஆண்டு நூலிலோ, மனித சமுதாயம் எறும்புக் கூட்டமன்று, தனிமனிதனை எந்திரத்தின் சக்கரமாக்கிவிடக் கூடாது என்று அவரே வற்புறுத்துகிறார். பிற்காலத்தில் எழுதிய அந்த வரிகளே நாம் கைக்கொள்ள வேண்டியவை. உவமை எங்கே முடிகிறது என்று கேட்காமல் உடலின் இலக்கணத்தைச் சமுதாயத்தின் மீது ஏற்றுவோருக்கு அவை தக்க விடை.

மாணவருக்கு ஒரு கருவி

இவ்வளவு குறைகளைக் கூறியபின், அந்நூலைப் படிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். முழுமை என்ற பழைய கேள்வியை மாய சக்தியிடமிருந்து மீட்டு, சமன்பாட்டின் பக்கம் திருப்பியவர் அவர். அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது; அவர் எதிர்பார்த்தபடி எல்லாவற்றிற்கும் பொதுவான ஒரு விஞ்ஞானம் உருவாகவில்லை. அமைப்புகளை ஆராயும் துறைகள் பலவாகப் பிரிந்து வளர்ந்துள்ளன. ஆளிப் பொறிகளைப் பற்றி 1868-ல் மாக்ஸ்வெல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த கட்டுப்பாட்டியலும், 1948-ல் வீனர் தொடங்கிவைத்த சைபர்னெட்டிக்சும், கணிப்பொறியின் துணையோடு செல்லின் வேதிவினை வலையை ஆராயும் இன்றைய உயிரியலும் அவற்றுள் சில. அவற்றில் வெற்றி கண்டவை எல்லாம், தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அளக்கக்கூடியவற்றை அளந்தவையே.

ஆகவே, அடுத்த முறை யாரேனும் 'முழுமையாகப் பார்க்க வேண்டும்' என்று உங்களிடம் கூறினால், மறுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மூன்று வினாக்களைக் கேளுங்கள். அமைப்பின் எல்லை எது. எதை உள்ளே வைத்தீர்கள், எதை வெளியே விட்டீர்கள்? எந்த அளவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது பகுதிகளின் அளவுகளோடு எவ்வாறு தொடர்புடையது? என்ன நிகழ்ந்தால் உங்கள் கூற்று தவறென்று ஒப்புக்கொள்வீர்கள்? தொட்டிக்கு இம்மூன்றுக்கும் விடை உண்டு, 5.1 சென்டிமீட்டருக்குப் பதிலாக மட்டம் 20-ல் போய் நின்றால் நம் கணக்கு தவறு. என்டெலக்கிக்கு இவற்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. ஒரு வாளியும் ஓர் அளவுகோலும் குழாயும் கிடைத்தால், முதல் சோதனையை நீங்கள் இன்றே வீட்டில் செய்து பார்க்கலாம்.